மயாமி மண்: ஒரு நீண்ட பெயருக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர்

ஃபைன்-லோமி, மிக்ஸ்டு, ஆக்டிவ், மெஸிக் ஆக்ஸிஅக்விக் ஹாப்லுடால்ஃப்ஸ்.

முதல் தடவை கேட்பவர்களுக்கு ஏதோ நோயின் பெயர் போலத் தோன்றும். உண்மையில் இது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் மயாமி என்ற மண்ணின் முழுப்பெயர். ஃபுளோரிடாவின் கடற்கரை நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தியானாவின் மாநில மண் என்று அறியப்படுவது இதுதான். பெயரிலுள்ள ஒவ்வொரு சொல்லும் அளந்து வைக்கப்பட்டது. அதிலும் 'ஆக்ஸிஅக்விக்' என்ற ஒன்றை மட்டும் சரியாகப் புரிந்துகொண்டால், இந்த நிலத்தில் வீடு கட்டுபவருக்கும் விதைப்பவருக்கும் வரும் தொல்லைகளில் பாதி முன்கூட்டியே தெரிந்துவிடும்.

முதலில் மண் எதிலிருந்து வந்தது என்பதைப் பார்க்கலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் விஸ்கான்சின் பனிக்காலத்தின் உச்சத்தில், கனடாவிலிருந்து இறங்கிய பனிப்படலம் இந்தியானாவின் வடக்கு, நடுப்பகுதிகளை மூடியிருந்தது. வரும் வழியில் கனடாவின் கருங்கல்லையும், பேரேரிகளைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல், டோலமைட், களிப்பாறை ஆகியவற்றையும் அரைத்து அள்ளி வந்தது. பனி நகரும்போது அதன் அடியில் இந்தக் கலவை தரையோடு தரையாக அப்பிக்கொண்டது. இதற்குத்தான் 'டில்' என்று பெயர். ஆற்றுப்படிவில் கனமானது ஓரிடத்திலும் மென்மையானது வேறிடத்திலும் தங்கும், அதாவது நீர் சலித்துக் கொடுக்கும். பனி சலிக்காது. ஆகவே ஒரே இடத்து டில்லுக்குள் களியும், மாவு போன்ற வண்டலும், மணலும், கூழாங்கல்லும், எப்போதாவது ஆளுயரப் பாறையும் ஒன்றாகக் கிடக்கும். ஹியூரான் ஏரியின் வடகரையில் மட்டுமே பாறையாக இருக்கும், சிவப்பு ஜாஸ்பர் கூழாங்கல் பதித்த வெள்ளைக்கல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே வயலில் அகப்படுவது இதனால்தான்.

கருங்கல் உடைந்தால் மணல் வரும். சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும் அரைபட்டால் வண்டலும் களியும் வரும். மூன்றும் கலந்ததால் எதுவும் மேலோங்காத 'லோம்' பதம் கிடைத்தது. தமிழில் இதை இருமண்பாடு என்று வேளாண் நூல்கள் எழுதுகின்றன. வண்டல் மண் என்று மொழிபெயர்ப்பது தவறு. வண்டல் ஒரு துகள் அளவு, அல்லது ஆறு கொண்டுவந்த படிவு. இந்த டில்லை ஆறு கொண்டுவரவில்லை.

பனி விலகிய பிறகு இன்னொரு வேலையும் நடந்தது. பனி உருகிய வெள்ளம் ஓடிய ஆற்றுப்படுகைகள் காய்ந்தபோது, அங்கிருந்த மென்வண்டலைக் காற்று தூக்கி வந்து டில்லின் மேல் போர்த்தியது. இதற்கு லோயஸ் என்று பெயர். மயாமி மண்ணில் இந்தப் போர்வையின் தடிமன் அதிகபட்சம் 46 செ.மீ. அதாவது இந்த மண் இரண்டு தாய்ப்பொருள்களில் உருவானது: மேலே காற்று கொண்டுவந்தது, கீழே பனி கொண்டுவந்தது. மண் அறிக்கைகளில் கீழ் அடுக்குகளின் குறியீட்டுக்கு முன்னால் '2' என்ற எண் நிற்பதன் பொருள், இங்கே இரண்டாவது தாய்ப்பொருள் தொடங்குகிறது என்பதே. அச்சுப்பிழை என்று நினைத்து அதை விட்டுவிடக்கூடாது.

இந்த மாற்றத்தைக் கையாலேயே உணரலாம். மண் துளைப்பானை இறக்கினால் முதல் 20 செ.மீ. பழுப்பு நிற உழவு அடுக்கு. ஈரமாக்கி விரலால் தேய்த்தால் மைதா மாவு போல வழுக்கும். அது லோயஸ். அதற்குக் கீழே களி கூடுகிறது, கட்டிகள் பாதாம்பருப்பு அளவில் கோணலாக உடைகின்றன. இன்னும் கொஞ்சம் இறங்கினால் வழுவழுப்போடு மணலின் நறநறப்பும் சேரும், சிறு கூழாங்கல் துளைப்பானில் உரசும். டில் தொடங்கிவிட்டது. கட்டியை உடைத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அதன் பக்கங்களில் மெழுகு பூசியது போன்ற மினுக்கம் தெரியும். மேலிருந்து இறங்கிய களி அங்கே படலமாகப் படிந்திருக்கிறது. 50 முதல் 100 செ.மீ. ஆழத்துக்குள் ஏதோ ஓரிடத்தில் துளைப்பான் நின்றுவிடும். பலம் கொடுத்தாலும் சுரண்டிய தூள்தான் வரும். அதன்மேல் பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டினால் சுறுசுறுவென்று நுரைக்கும். அதுதான் இறுகிய டில்: சுண்ணாம்பு கரையாமல், பனியின் எடையில் நசுங்கியபடியே இருக்கும் அடித்தளம்.

களி ஏன் கீழே இறங்கியது? ஆண்டுக்குச் சுமார் 1000 மி.மீ. மழை பெய்யும் இடம் இது. மழைநீர் முதலில் சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே தள்ளும். சுண்ணாம்பு இருக்கும்வரை கால்சியம் களித்துகள்களைக் கொத்தாகப் பிடித்து வைத்திருக்கும். அது போனபின் துகள்கள் பிரிந்து, வெடிப்புகளிலும் வேர்த்துளைகளிலும் நீரோடு இறங்கும். காய்ந்த இடத்திலோ, கரையாத சுண்ணாம்பை எட்டும் இடத்திலோ நின்றுவிடும். ஆகையால் களி அடுக்கின் அடிப்பாகமும் அமிலத்துக்கு நுரைக்கத் தொடங்கும் ஆழமும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். ஒன்றைக் கண்டால் மற்றது அருகில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இனிப் பெயருக்கு வரலாம். இந்தப் பெயர்களைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும்.

'ஆல்ஃப்' என்பது ஆல்ஃபிசால் என்ற பெரும் பிரிவைக் குறிக்கிறது. அமெரிக்க முறையில் உலக மண் எல்லாம் பன்னிரண்டு பெரும் பிரிவுகள், அவற்றில் இது ஒன்று. தகுதி பெற இரண்டு சோதனைகள். ஒன்று, களி சேர்ந்த அடுக்கு இருக்க வேண்டும். மேல் அடுக்கில் களி 15 முதல் 40 சதவீதத்துக்குள் இருந்தால், கீழ் அடுக்கில் அதைப்போல 1.2 மடங்காவது வேண்டும், களி இறங்கியதற்கான படலமும் தெரிய வேண்டும். இரண்டு, ஆழத்தில் கால்சியம், மக்னீசியம் போன்ற காரச்சத்துகளின் நிறைவு 35 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. குறைந்தால் அது அல்டிசால் என்ற வேறொரு பெரும் பிரிவு. சுண்ணாம்பு டில்மேல் உட்கார்ந்திருக்கும் மயாமிக்கு இரண்டாவது சோதனை ஒரு பொருட்டே அல்ல.

'உட்' என்பது ஈரமான தட்பவெப்பம், 'ஹாப்ல்' என்பது தனிச்சிறப்பு ஏதுமில்லாத எளிய வகை. தமிழ்நாட்டுச் செம்மண்களில் பல 'ஹாப்லுஸ்டால்ஃப்' என்று அறிக்கைகளில் வருவதைப் பார்த்திருக்கலாம். அங்கே 'உட்' போய் 'உஸ்ட்' வந்திருக்கிறது. மழை ஒரு பருவத்தில் கொட்டி மற்றபடி காயும் நிலம் என்று பொருள். ஓரெழுத்து வித்தியாசம்தான், ஆனால் பாசனம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி அதற்குள் அடங்கிவிடுகிறது.

அடுத்து முன்பக்கச் சொற்கள். 'மெஸிக்' என்றால் 50 செ.மீ. ஆழத்தில் ஆண்டுச் சராசரி வெப்பம் 8 டிகிரி செல்சியஸ் முதல் 15-க்குள். 'மிக்ஸ்டு' என்றால் எந்த ஒரு கனிமமும் ஆட்சி செய்யவில்லை. பனியாறு அத்தனை பாறையையும் கலக்கிய பிறகு வேறெப்படி இருக்கும்? 'ஆக்டிவ்' என்பது களியின் ஊட்டம் பிடிக்கும் திறன். மண்ணின் அயனி மாற்றுத் திறனைக் களி சதவீதத்தால் வகுத்தால் 0.40 முதல் 0.60-க்குள் வர வேண்டும். 32 சதவீதம் களியும் 16 அலகு மாற்றுத் திறனும் உள்ள மண்ணுக்கு 0.50.

அதிகம் தவறு நேர்வது 'ஃபைன்-லோமி'யில். இதை 'லோம் மண்' என்று படிப்பவர்கள் பலர். லோம் என்பது ஒரு குறிப்பிட்ட அடுக்கின் பதம்: களி 7 முதல் 27 சதவீதம், வண்டல் 28 முதல் 50, மணல் 52-க்கு மேற்படாமல். ஃபைன்-லோமி என்பது வகைப்பாட்டுக்கென்று தேர்ந்தெடுத்த ஒரு கனத்தின் சராசரி. மயாமி போன்ற மண்ணில் அது களி அடுக்கின் மேல் 50 செ.மீ. அந்தப் பகுதியில் சராசரிக் களி 18 முதல் 35 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.1 மி.மீ.க்கு மேற்பட்ட மணலும் சிறுகல்லும் 15 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. மயாமியின் உழவு அடுக்கு வண்டல் லோம், நடு அடுக்கு களி லோம், அடி டில் லோம். மூன்றும் வெவ்வேறு பதம், குடும்பப் பெயர் ஒன்றே.

ஒரு மாதிரிக் குழியை வைத்துக் கணக்குப் போடலாம். களி அடுக்கு 20 செ.மீ.யில் தொடங்குகிறது. 20 முதல் 35 வரை லோயஸில் உருவான பகுதி, களி 30 சதவீதம். 35 முதல் 70 வரை டில்லில் உருவான பகுதி, களி 33 சதவீதம். எடையிட்ட சராசரி: 15 × 30, 35 × 33, இரண்டையும் கூட்டி 50-ஆல் வகுத்தால் 32.1. ஃபைன்-லோமி. டில் பகுதியில் களி 38 ஆக இருந்திருந்தால் சராசரி 35.6 ஆகி மண் 'ஃபைன்' என்ற அடுத்த வகுப்புக்குத் தாவியிருக்கும். லோயஸ் போர்வை 60 செ.மீ. ஆக இருந்திருந்தால் கணக்குக்கு வரும் பகுதி பெரும்பாலும் மாவு வண்டலாகி, மணல் 15 சதவீதத்துக்குக் கீழே போய், 'ஃபைன்-சில்ட்டி' ஆகியிருக்கும். பக்கத்திலேயே கிடக்கும் ரஸல் என்ற மண் அப்படிப்பட்டதுதான். ஆய்வகத்தில் களியை இரண்டு சதவீதம் தவறாக அளந்தால் மண்ணின் பெயரே மாறக்கூடும் என்பது இதிலிருந்து தெரியும். ஹைட்ரோமீட்டர் முறையில் சோடியம் ஹெக்ஸாமெட்டாஃபாஸ்பேட் போட்டு நன்றாகக் கலக்காவிட்டால் களித்துகள்கள் கொத்தாகவே நின்று வண்டலாகக் கணக்கில் ஏறும். சுண்ணாம்பு மிகுந்த அடி டில்லில் இந்தத் தவறு இன்னும் எளிதாக நேரும்.

ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்பு வழிவந்த உலக வகைப்பாட்டில் இதே மண் 'லூவிசால்' குழுவில் சேரும். அங்கும் சோதனை ஏறக்குறைய இதேதான்: களி சேர்ந்த அடுக்கு, சுறுசுறுப்பான களி, போதிய காரச்சத்து.

இப்போது முக்கியமான சொல். 1990-கள் வரை மயாமி மண் 'டிப்பிக் ஹாப்லுடால்ஃப்' என்றே எழுதப்பட்டது. டிப்பிக் என்றால் வகைக்கு இலக்கணமானது, விசேஷம் எதுவுமில்லை. பிறகு ஈர மண்களுக்கான விதிகள் திருத்தப்பட்டபோது 'ஆக்ஸிஅக்விக்' என்ற உட்பிரிவு வந்தது. வழக்கமான ஆண்டில், மேற்பரப்பிலிருந்து 100 செ.மீ.க்குள் ஏதாவது ஓர் அடுக்கு தொடர்ந்து 20 நாள் அல்லது மொத்தமாக 30 நாள் நீரால் நிறைந்திருந்தால் மண் இந்தப் பிரிவுக்கு வரும்.

மயாமியில் அது ஏன் நிகழ்கிறது? உழவு அடுக்கின் கன அடர்த்தி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 1.35 கிராம் என்று கொண்டால், மண்ணில் பாதி வெற்றிடம். இறுகிய டில்லின் அடர்த்தி 1.85 என்று கொண்டால் வெற்றிடம் 30 சதவீதம்தான், அதுவும் தண்ணீர் நகர முடியாத நுண்துளைகள். குளிர்கால முடிவில், பயிரும் இல்லை, ஆவியாதலும் இல்லை, உருகும் பனியும் மழையும் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. டில்லின் தலையில் வந்து தண்ணீர் நின்றுவிடுகிறது. கீழே உண்மையான நிலத்தடி நீர் பல மீட்டர் ஆழத்தில் இருக்கலாம். இது அதுவல்ல, தொங்கு நீர். மேற்பரப்பிலிருந்து 60 முதல் 90 செ.மீ. ஆழத்தில் தேங்கி, வசந்தத்தில் செடிகள் குடிக்கத் தொடங்கியதும் மறைந்துவிடும்.

ஆக்ஸிஜனைக் குறிக்கும் 'ஆக்ஸி' என்ற முன்னொட்டின் நுட்பம் இங்கேதான். தண்ணீர் தேங்கினால் மண் சாம்பல் நிறமாக வேண்டும். ஆக்ஸிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் இரும்பைக் கரைத்துவிடும், நிறம் போய்விடும். ஆனால் மார்ச் மாதக் குளிரில் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய தூங்குகின்றன. நீரும் புதிதாக இறங்கியது, காற்றைக் கரைத்துக்கொண்டு வந்தது. ஆக இரும்பு பெரிதாகக் கரைவதில்லை, நிறமும் பழுப்பாகவே நிற்கிறது. நிறத்தை மட்டும் நம்பி வடிகால் நல்லது என்று முடிவு செய்தவர்கள் ஏமாந்தது இதனால்தான். பழைய பெயர் பொய் சொல்லவில்லை, தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டது.

அதனால் பழைய அறிக்கையில் 'டிப்பிக்' என்று கண்டால், அந்த நிலம் மாறிவிட்டது என்றோ வேறு நிலம் என்றோ கொள்ளக்கூடாது. மயாமி என்ற பெயரே இன்னும் பழையது, 1900-களின் தொடக்க ஆய்வுகளில் பனியாற்று மண்கள் பலவற்றுக்கும் இந்த ஒரே பெயரைத் தாராளமாக ஒட்டினார்கள். 'மயாமி கருங்களி லோம்' என்றுகூட ஒன்று இருந்தது. இன்றைய மயாமிக்கும் அதற்கும் உறவில்லை.

ஒரே வயலில் மயாமி தனியாக இருப்பதும் அரிது. மேட்டிலும் சரிவிலும் மயாமி, சமதளத்தில் கிராஸ்பி, பள்ளத்தில் புரூக்ஸ்டன். மூன்றுக்கும் டில் ஒன்றே, தண்ணீர் நிற்கும் காலம்தான் வேறு. கிழக்கு ஆப்பிரிக்காவில் 1935-இல் மண்ணியலாளர் மில்ன் 'கேட்டினா' என்று பெயரிட்ட தொடர் வரிசைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கிராஸ்பி 'எபிஅக்வால்ஃப்' வகையைச் சேர்ந்தது. 'எபி' என்பது மேலிருந்து இறங்கித் தேங்கிய நீரைச் சொல்கிறது. புரூக்ஸ்டனில் மட்கு சேர்ந்து கறுத்து, ஆல்ஃபிசால் பிரிவையே விட்டு, மட்கு மிகுந்த கறுத்த மண்களின் பெரும் பிரிவான மொல்லிசால் ஆகிவிட்டது. வசந்தத்தில் உழுத வயலை மேலிருந்து பார்த்தால் பழுப்பு, வெளிர் சாம்பல், கறுப்பு என்று திட்டுத்திட்டாகத் தெரிவது இந்த மூன்றும்தான். வயல் முழுவதும் ஒரே நாளில் உழவுக்குப் பதமாகாது. பள்ளம் காயும்வரை காத்திருந்தால் மேடு இறுகிவிடும், மேட்டுக்காக அவசரப்பட்டால் பள்ளத்தில் டிராக்டர் மண்ணைக் களிமண் பொம்மை போலப் பிசைந்துவிடும். மண்ணுக்குள் வடிகால் குழாய் பதிப்பது கிராஸ்பிக்கும் புரூக்ஸ்டனுக்கும்தான் முதலில். மயாமியில் ஊறும் திட்டுகளுக்கு மட்டும் போதும்.

மயாமியின் உண்மையான பகை அரிப்பு. வண்டல் மிகுந்த மேல் அடுக்கில் மட்கு குறைவு, மழைத்துளி அடித்தால் மேற்பரப்பு பூசினாற்போல அடைத்துக்கொள்ளும். காய்ந்ததும் பொருக்குத் தட்டி, சோயா முளை கழுத்தொடிந்து உள்ளேயே நிற்கும். அடைத்த பரப்பில் நீர் இறங்காமல் ஓடும், ஓடும்போது மண்ணையும் கொண்டுபோகும். இறுகிய டில் கீழே அசையாமல் இருப்பதால், மேலே இழக்கும் ஒவ்வொரு செ.மீ.யும் வேருக்குக் கிடைக்கும் இடத்தில் கழிவுதான். வேர் 95 செ.மீ. வரை போகும் குழி என்று வைத்துக்கொள்வோம். மேல் 20 செ.மீ. ஒரு செ.மீ.க்கு 0.22 செ.மீ. நீரும், கீழ் 75 செ.மீ. 0.16 செ.மீ. நீரும் பயிருக்குக் கொடுத்தால் மொத்தம் 16.4 செ.மீ., அதாவது 164 மி.மீ. ஜூலையில் மக்காச்சோளம் நாளொன்றுக்கு 7 மி.மீ. குடித்தால் 23 நாள் மழையில்லாமல் தாங்கும். மேல் 20 செ.மீ. அடித்துப்போனால் மிஞ்சுவது 120 மி.மீ., 17 நாள். பூக்கும் சமயத்தில் இந்த ஆறு நாள் வித்தியாசம் கதிரில் தெரியும்.

வரைபடக் குறியீடுகளில் இதைப் படிக்கலாம். 'பி2' என்று முடிந்தால் 2 முதல் 6 சதவீதச் சரிவு, ஓரளவு அரிக்கப்பட்டது. 'சி3' என்றால் 6 முதல் 12 சதவீதம், கடுமையாக அரிக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் உழவு அடுக்கே களி லோம் ஆகியிருக்கும், பழைய களி அடுக்கைத்தான் கலப்பை புரட்டிக்கொண்டிருக்கிறது. மேட்டு உச்சிகளில் அடி டில்லே மேலே வந்து, மேற்பரப்பிலேயே அமிலம் நுரைக்கும். சுண்ணாம்பு இடும்போது இது முக்கியம். அரிக்கப்படாத மயாமியின் மேல் அடுக்கு, கீழே டில்லில் எவ்வளவு சுண்ணாம்பு இருந்தாலும், அமிலத்தன்மை கொண்டது, சுண்ணாம்பு கேட்கும். நுரைக்கும் உச்சிகளுக்கு அது வேண்டவே வேண்டாம். வயல் முழுவதும் கலந்து எடுத்த ஒரே மாதிரி இரண்டையும் சராசரியாக்கி, இரண்டுக்கும் தவறான அளவைச் சொல்லும்.

ஆழ உழவுக் கலப்பையால் டில்லைக் கிழித்துவிடலாம் என்ற எண்ணம் அடிக்கடி எழுகிறது. டில் சிமெண்ட் போலப் பிணைந்ததல்ல. காய்ந்த கட்டியைத் தண்ணீரில் போட்டால் சிறிது நேரத்தில் கலைந்து உதிரும். இந்தச் சோதனையால்தான் அதைப் பிணைந்த பாறையடுக்கிலிருந்து பிரித்தறிகிறார்கள். கிழித்த பிளவும் அதே காரணத்தால் அடுத்த வசந்த நீரில் ஊறி மூடிக்கொள்ளும். டீசல்தான் செலவு.

வீடு கட்டுவோருக்கு இந்தத் தொங்கு நீர் செப்டிக் டேங்க் தொல்லையாக வந்து நிற்கும். கழிவுநீரை மண்ணில் ஊறவிடும் குழாய்களுக்குக் கீழே நீர் தேங்காத மண் இருக்க வேண்டும். ஆகஸ்டில் குழி தோண்டி நீர் ஊற்றிப் பார்த்தால் மயாமி அழகாக உறிஞ்சிக் காட்டும். மார்ச்சில் அதே குழியின் அடியில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கலாம். ஆதலால் குழியில் ஊற்றிய நீர் எத்தனை நிமிடத்தில் இறங்கியது என்பதைவிட, டில் எத்தனை செ.மீ.யில் தொடங்குகிறது, அதற்குச் சற்று மேலே மங்கிய சாம்பல் புள்ளிகளும் துருநிறப் புள்ளிகளும் எந்த ஆழத்தில் தென்படுகின்றன என்பதுதான் கேள்வி. ஆழம் போதாவிட்டால் ஊறல் குழாய்களை மேலேற்றிப் பதிக்க வேண்டும், அவற்றைச் சுற்றி வடிகால் குழாய் போட்டு, மேட்டுப்பக்கமிருந்து டில்லின் தலைமேல் பக்கவாட்டில் வழிந்து வரும் நீரை முன்கூட்டியே திருப்பிவிட வேண்டும். அந்த வடிகாலின் அடி டில்லைத் தொட வேண்டும். பத்து செ.மீ. மேலே நின்றுவிட்டால் நீர் அதற்கு அடியால் நுழைந்துவிடும்.